உஷார்! டியூனரை எண்ணாமல் ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்காதீர்கள்

வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா பக்கத்தில் வீட்டு மாடியில் டிஷ் வைத்திருப்பவர்களே! "ரெக்கார்டிங் வசதி உள்ள பாக்ஸ்" என்று யாராவது நீட்டினால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். தசராவும் தீபாவளியும் நெருங்கும்போது பழைய செட்டாப் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடையிலும் சொல்வார்கள், வீட்டு வாசலுக்கும் வந்து சொல்வார்கள். அட்டைப் பெட்டியின் மேல் ஹெச்.டி., ரெக்கார்டிங், இத்தனை ஜி.பி., இத்தனை மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் பாக்ஸ் உங்கள் வீட்டுக்கு உதவுமா உதவாதா என்பதைச் சொல்கிற எண் மட்டும் பெரும்பாலும் கண்ணில் படாது. உள்ளே எத்தனை டியூனர் இருக்கிறது என்பதுதான் அந்த எண்.

இதைக் கேட்காமல் வாங்கிய வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பாக்ஸ், மாமியார் சீரியலைப் பதிவு செய்யப் போட்டதும் மருமகளின் சேனலை மாற்ற விடமாட்டேன் என்கிறது. ரிமோட்டை அழுத்தினால் "ரெக்கார்டிங்கை நிறுத்தவா?" என்று திரையில் கேள்வி வருகிறது. நிறுத்தினால் ஒருவருக்குக் கோபம், நிறுத்தாவிட்டால் இன்னொருவருக்குக் கோபம். பாக்ஸில் பழுது ஏதும் இல்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேறு ஊர்களைவிட நம் பக்கத்தில் இது அதிகமாக வலிக்கும். காரணம் இங்குள்ள வீடுகளின் அமைப்பு. 1960-ல் எல்லையை மாற்றி அமைத்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டம் ஆனோம். மாவட்டம் மாறினாலும் வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. ஒரே கூரையின் கீழ் பாட்டிக்குத் தமிழ், மருமகளுக்குத் தெலுங்கு, பிள்ளைகளுக்கு இரண்டும். அதனால் ரீசார்ஜ் செய்யும்போதே தமிழ்ப் பேக், தெலுங்குப் பேக் என்று இரண்டுக்கும் பணம் கட்டுகிறோம். தமிழ் மட்டும் பார்க்கிற திருவள்ளூர் வீட்டில் இரவு எட்டு மணிக்கு இரண்டு சேனல் மோதினால், நம் வீட்டில் நான்கு மோதும்.

இதோடு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் அது வந்த பிறகு வீட்டுக்கு ஒருவராவது ஷிஃப்டில் இருக்கிறார். இசுஸு, மாண்டெலீஸ் என்று ஆலைகள் வர வர, ஊருக்குள் கம்பெனி பஸ் வருகிற நேரமே வீட்டின் நேரமாகிவிட்டது. செகண்ட் ஷிஃப்ட் முடித்துப் பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு எட்டு மணி சீரியலைப் பார்க்க ரெக்கார்டிங் ஒரு நல்ல வழி. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ரெக்கார்டிங் பாக்ஸ் என்றதும் ஆசையோடு கேட்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. அது வீணாகக் கூடாது என்பதுதான் என் பதற்றம்.

டியூனர் என்றால் என்ன? டிஷ் ஆண்டெனா வானத்திலிருந்து எல்லாச் சேனலையும் மொத்தமாக வாங்கி டி.வி.க்குள் கொட்டுவதில்லை. செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்று பல தனித்தனி அலைவழிகள் இருக்கின்றன. 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-24 கோளையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க டாடா ப்ளேயின் டி.டி.ஹெச். சேவைக்கென்று ஒப்பந்தம் போட்டு அனுப்பிய அந்தக் கோளில் 24 கே.யு. பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள் உண்டு. ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டரிலும் பல சேனல்கள் கட்டாகச் சேர்த்து அனுப்பப்படுகின்றன. டிரான்ஸ்பாண்டரை ஒரு பஸ் என்று வைத்துக்கொண்டால் சேனல்கள் அதில் உட்கார்ந்திருக்கும் பயணிகள். டியூனர் என்பது ஒரு நேரத்தில் ஒரு பஸ்ஸில் மட்டுமே ஏறக்கூடிய ஆள். ஏறிய பஸ்ஸில் இருக்கிற யாரையும் அவர் பார்க்கலாம். அடுத்த பஸ்ஸில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் இதிலிருந்து இறங்கியாக வேண்டும், அல்லது இன்னொரு ஆள் வேண்டும்.

கடையில் காட்டுகிற டெமோவில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரே டியூனர் உள்ள சில பாக்ஸ்களில்கூட, ஒரே டிரான்ஸ்பாண்டரில் வரும் இரண்டு சேனல்களில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு மற்றதைப் பார்க்க முடியும். விற்பவர் தெரிந்தோ தெரியாமலோ அப்படிப்பட்ட இரண்டு சேனல்களைப் போட்டுக் காட்டினால், "ஆகா, ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம் போலிருக்கிறதே" என்று நம்பிவிடுவோம். வீட்டுக்கு வந்து ஒரு தமிழ்ச் சேனலும் ஒரு தெலுங்குச் சேனலும் போடும்போதுதான் உண்மை தெரியும். அவை ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் அது அதிர்ஷ்டம். அதை நம்பிப் பணம் போடலாமா?

யு.எஸ்.பி. ரெக்கார்டிங் என்று விற்கப்படும் பாக்ஸ்களில் பெரும்பாலானவை ஒரே டியூனர் கொண்டவை. பின்னால் ஒரு துளை இருக்கும், பென் டிரைவோ ஹார்ட் டிஸ்கோ நீங்கள் தனியாக வாங்கிச் செருக வேண்டும். வசதி கெட்டதல்ல. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அது போதும். ஆனால் பதிவு ஓடுகிற நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் பெரும்பாலும் அதே சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சீரியல்கள் ஓடுகிற இரவு ஏழிலிருந்து பத்துக்குள் நம் ஊரில் எந்த வீடு அப்படி இருக்கிறது?

என் அக்கா வீட்டில் பாக்ஸ் மாட்ட வந்த பையனிடம் அக்கா சரியான கேள்வியைத்தான் கேட்டாள். "தம்பி, இதுல ரெண்டு சேனல் ஒரே நேரத்துல ரெக்கார்ட் ஆகுமா?" பதில் உடனே வந்தது: "எல்லாம் ஆகும்கா, மெமரி பெருசா இருக்கு, ஒரு மாசத்து சீரியலையும் போட்டு வச்சுக்கலாம்." கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. அக்கா தலையாட்டிவிட்டாள், கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மெமரி என்பது பதிவு செய்ததை வைத்திருக்கிற இடம். ஹெச்.டி. சேனல் ஒரு மணி நேரம் பதிவானால் தரத்தைப் பொறுத்து சுமார் மூன்று ஜி.பி. பிடிக்கும். 500 ஜி.பி. டிஸ்க்கில் சுமார் 150 மணி நேரம் போட்டு வைக்கலாம். ஆயிரம் ஜி.பி. இருந்தாலும் ஒரு டியூனர் ஒரு டியூனர்தான், ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு மேல் அது எட்டாது. ஜி.பி. கணக்கைச் சொல்லி யாராவது பேச்சைத் திருப்பினால் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

சரி, இரண்டு டியூனர் உள்ள பாக்ஸ் கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட பாக்ஸ் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவு செய்யலாம் என்று 2008-லேயே டாடா ஸ்கை ப்ளஸ் வந்தது. அந்த நிறுவனம் இப்போது டாடா ப்ளே. இரண்டு டியூனர் என்றால் ஒன்று பதிவுக்கு, ஒன்று பார்வைக்கு. அல்லது இரண்டும் பதிவுக்கு. இரண்டும் பதிவில் இருந்தால் அந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம், ஏற்கெனவே பதிவு செய்து வைத்ததைப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது சேனலை நேரலையாகப் பார்க்க முடியாது. கிரிக்கெட் பார்க்கிற அண்ணன் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பாக்ஸ் வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியம் கேபிள். இரண்டு டியூனர் பாக்ஸை வாங்கி ஒரு டியூனராகவே ஓட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. ஒரு கேபிள் வழியாக ஒரு நேரத்தில் ஒரு பக்க அலைகளை மட்டுமே அனுப்பும். செங்குத்து அலை வேண்டுமா, கிடைமட்ட அலை வேண்டுமா என்று பாக்ஸ்தான் கேட்கிறது. அதே கேபிள் வழியாக 13 வோல்ட் மின்சாரம் போனால் ஒன்று, 18 வோல்ட் போனால் மற்றொன்று. இரண்டு டியூனரும் இரண்டு விதமாகக் கேட்டால் ஒரு கேபிள் யாருக்குத்தான் பதில் சொல்லும்? எனவே சாதாரண எல்.என்.பி.யில் ஒரு டியூனருக்கு ஒரு கேபிள் தனியாக வேண்டும். அதற்கு ஒற்றைத் துளை எல்.என்.பி.யை எடுத்துவிட்டு இரட்டைத் துளை எல்.என்.பி. போட வேண்டும், மாடியிலிருந்து ஹால் வரை இன்னொரு கேபிள் இழுக்க வேண்டும். இது நேரமும் கூலியும் பிடிக்கிற வேலை. அவசரத்தில் இருக்கிற ஆள் பழைய கேபிளையே ஒரு துளையில் செருகி, படம் வந்ததும் "ஓகே சார்" என்று கிளம்பிவிடுவார். நமக்கும் படம் வந்துவிட்டால் போதும் என்று இருக்கும்.

இதற்கு நீங்கள் இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. பாக்ஸைத் திருப்பி வைத்துப் பின்னால் பாருங்கள். திருகு மரை போட்ட உருண்டைத் துளைகள் தெரியும். டிஷ்ஷிலிருந்து உள்வரும் துளை எத்தனை, அதில் எத்தனையில் கேபிள் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு துளை காலியாக இருந்தால் காரணம் கேளுங்கள். பிறகு மாடிக்குப் போய் எல்.என்.பி.யின் அடியில் எத்தனை கேபிள் தொங்குகிறது என்று பாருங்கள். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது, நடுவழியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்றால் அது ஸ்ப்ளிட்டர். உடனே கழற்றச் சொல்லுங்கள். கேபிள் டி.வி. காலத்துப் பழக்கத்தில் அதைப் போடுகிறார்கள். டிஷ்ஷுக்கு அது ஒத்துவராது. சில சேனல் வரும், சில வராது, நேரத்துக்கு நேரம் மாறும். சிக்னல் கோளாறு என்று நினைத்து நீங்கள் புகார் செய்துகொண்டே இருப்பீர்கள். ஒரே கேபிளில் பல டியூனர்களுக்கு அனுப்பும் தனி வகை எல்.என்.பி.யும் இருக்கிறது. அதைத்தான் போட்டிருக்கிறோம் என்று சொன்னால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது பலர் கவனிக்காத இன்னொரு பொறி. நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, சொன்ன நேரத்தில் முடியாது என்று தெரிந்து, தொடக்கத்தில் சில நிமிஷம், முடிவில் சில நிமிஷம் கூடுதலாகப் பதிவு செய்யப் பல பாக்ஸ்களில் வசதி வைத்திருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் எட்டு மணி சீரியல் ஒரு சேனலில், எட்டரை மணி சீரியல் வேறு சேனலில் என்றால், அந்தக் கூடுதல் நிமிஷங்கள் எட்டரையை ஒட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அந்தச் சில நிமிஷங்களுக்கு இரண்டு டியூனரும் மாட்டிக்கொள்ளும். அதே நேரத்தில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருந்தால் பாக்ஸ் ஏதோ ஒன்றை விட்டுவிடும். விட்டதை உங்களிடம் சொல்லாமலும் இருக்கும். காலையில் பட்டியலைத் திறந்தால்தான் தெரியும். ஒன்றன் பின் ஒன்றாக வருகிற நிகழ்ச்சிக்கு ஒரு டியூனர் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

நேரலை நிகழ்ச்சி என்றால் இன்னும் மோசம். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் கருட சேவையை எஸ்.வி.பி.சி. சேனலில் பார்க்காத பாட்டி நம் பக்கத்தில் உண்டா? சாயங்காலம் தொடங்கும் வாகன சேவை இரவு நெடுநேரம் போகும். பாக்ஸ் நிகழ்ச்சிப் பட்டியலில் போட்ட நேரத்தோடு பதிவை நிறுத்திவிடும். நேரத்தைக் கையால் நீட்டி வைத்தால் அன்று இரவு முழுக்க ஒரு டியூனர் அதற்கே போய்விட்டது என்று அர்த்தம். அதே சீசனில்தான் பிக் பாஸும். கடந்த சில ஆண்டுகளாகத் தெலுங்கு பிக் பாஸ் செப்டம்பரிலும் தமிழ் பிக் பாஸ் அக்டோபரிலும் தொடங்குகின்றன. ஸ்டார் மாவில் ஒன்று, விஜய் டி.வி.யில் ஒன்று, இரண்டும் இரவு ஒன்பது, ஒன்பதரையை ஒட்டித்தான். இரண்டு மொழிக்காரர் இருக்கிற வீட்டில் மாதக்கணக்கில், நாள் தவறாமல், இரண்டு டியூனர் அந்த ஒரு மணி நேரத்துக்கே சரி. மூன்றாமவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அமெரிக்காவில் இருக்கிற தம்பி பேச்சைக் கேட்டு ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். "எங்க வீட்ல ஒரே பாக்ஸ்தான்க்கா, எல்லா ரூம்லயும் பார்க்கிறோம், எத்தனை வேணும்னாலும் ரெக்கார்ட் ஆகுது" என்பான். அவன் சொல்வது பொய்யல்ல. அங்கே டிஷ் நெட்வொர்க் 2012-ல் கொண்டுவந்த ஹாப்பர் பாக்ஸில் மூன்று டியூனர். அது போதாது என்று அங்குள்ள வீடுகளிலேயே குறைபட்டார்கள். 2016-ல் வந்த ஹாப்பர் 3-ல் 16 டியூனர் வைத்தார்கள். டைரக்டிவியின் ஜீனி ஐந்து டியூனரோடு வந்தது. பெரிய பாக்ஸ் ஹாலில் இருக்கும், மற்ற அறைகளில் சின்னத் துணைப் பாக்ஸ்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே பாக்ஸ் வாங்காதீர்கள். நம் ஊரில் ரெக்கார்டிங் பாக்ஸ் பொதுவாக அது இணைந்திருக்கிற ஒரு டி.வி.க்கு மட்டும்தான். மாமியார் அறையில் இருக்கிற இரண்டாவது டி.வி.க்கு இன்னொரு பாக்ஸ், இன்னொரு கேபிள், இன்னொரு மாதக் கட்டணம். அந்த இரண்டாவது டி.வி.யின் நெட்வொர்க் கட்டணம் முதல் டி.வி.யின் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் விதி வைத்திருந்தது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டண உச்சவரம்பை எடுத்துவிட்டு, நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள விட்டுவிட்டது. எனவே பழைய கணக்கை நம்பாமல் இரண்டாவது டி.வி.க்கு மாதம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இனி சொல்லப்போவது டியூனர் விஷயம் அல்ல, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யு.எஸ்.பி. பாக்ஸில் வீட்டில் இருக்கிற பழைய பென் டிரைவை, ஹார்ட் டிஸ்க்கைச் செருகாதீர்கள்! முதல் தடவை செருகியதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் அதில் இருந்த அத்தனையும் அழியும். கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், எதுவும் மிஞ்சாது. ரிமோட் பிள்ளைகள் கையில் இருக்கும், அவர்கள் யோசிக்காமல் அழுத்திவிடுவார்கள். பதிவுக்கென்று ஒரு புதிய டிரைவ் தனியாக வாங்கி, அதன் மேல் பெயர் எழுதி ஒட்டி, அந்தப் பாக்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்தது உங்கள் சொத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். அவை பூட்டுப் போட்ட ஃபைல்கள். அந்த டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் ஓடாது, அடுத்த வீட்டுப் பாக்ஸில் போட்டாலும் ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றிக் கொடுத்தால் அதிலிருந்த பதிவுகள் போனதுதான். ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பதிவு செய்ததைக்கூடப் பார்க்க விடாத பாக்ஸ்களும் உண்டு. பேக்கில் இல்லாத சேனலைப் பதிவுக்குப் போட்டால் கறுப்புத் திரைதான் பதிவாகும். மாதம் முடிகிற நாளில் பேக்கை மாற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய பாக்ஸை யாரிடமோ மலிவாக வாங்கப் போகிறீர்களா? அது எந்த நிறுவனத்தின் பாக்ஸோ அந்த நிறுவனத்தில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் பெயரில் இயக்கித் தருவார்களா என்று அந்த நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கே.யு. பேண்ட் அலைகள் கனமழையில் தேயும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே புலிக்காட் பக்கமிருந்து வருகிற மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். எத்தனை டியூனர் இருந்தாலும் டிஷ்ஷுக்கு சிக்னல் இல்லாவிட்டால் பதிவாகாது. நடுவில் கரண்ட் போனாலும் பதிவு அறுந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் டி.வி.யைவிட முதலில் பாக்ஸை அதில் சேருங்கள்.

இப்படியெல்லாம் பயமுறுத்தினால் என்னதான் வாங்குவது என்பீர்கள். முதலில் வாங்கவே வேண்டுமா என்று பாருங்கள். சீரியலுக்காக மட்டும் என்றால், சன் டி.வி. சீரியல்கள் சன் நெக்ஸ்ட் செயலியிலும், விஜய், ஸ்டார் மா நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஈ.டி.வி. நிகழ்ச்சிகள் ஈ.டி.வி. வின்னிலும் வந்துவிடுகின்றன. ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண் போனில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே டியூனர் என்ற தொல்லையே இல்லை. வீட்டில் வை-ஃபை இருந்து, சந்தா கட்டத் தயாராக இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். வை-ஃபை இல்லாத வீடு, போனில் பார்க்க முடியாத கண்கள், பெரிய திரையில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற பழக்கம், இவை இருந்தால் ரெக்கார்டிங் பாக்ஸ் இன்னும் அவசியம்தான்.

அப்படியானால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து பதினொன்று வரை, ஒவ்வொரு அரை மணிக்கும் வீட்டில் யார் எந்தச் சேனலைக் கேட்கிறார்கள் என்று. பாட்டியையும் கேளுங்கள், நைட் ஷிஃப்டில் இருப்பவரையும் கேளுங்கள். எந்த அரை மணியில் அதிகச் சேனல்கள் மோதுகின்றனவோ, அந்த எண்ணிக்கைதான் உங்கள் வீட்டுக்கு வேண்டிய டியூனர். ஒன்று வந்தால் எந்தப் பாக்ஸும் போதும், கூடுதல் பணம் வேண்டாம். இரண்டு வந்தால் இரண்டு டியூனர் பாக்ஸ், இரண்டு கேபிளோடு. மூன்று வந்தால் இரண்டு டியூனர் பாக்ஸும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது டி.வி.க்குத் தனி இணைப்போ, ஒரு செயலிச் சந்தாவோ சேர்த்துத்தான் சமாளிக்க முடியும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்கு வீட்டில் சண்டை வராது.

மாட்டுகிற நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள். ஆள் கிளம்பும் முன் அவர் கண்ணெதிரே ஒரு தமிழ்ச் சேனலில் பதிவைப் போடுங்கள். அது ஓடும்போதே ஒரு தெலுங்குச் சேனலுக்கு மாற்றுங்கள். அடுத்து ஒரு விளையாட்டுச் சேனல், அடுத்து ஒரு ஹெச்.டி. சேனல் என்று பத்துச் சேனலாவது மாற்றிப் பாருங்கள். எதற்கும் தடை வரக்கூடாது. பிறகு இரண்டாவது பதிவையும் போட்டு, இரண்டும் சேர்ந்து பத்து நிமிஷம் ஓடிய பின் நிறுத்தி, இரண்டையும் திறந்து பாருங்கள். படமும் ஒலியும் சரியாக இருந்தால்தான் கையெழுத்து. "அப்புறம் சரியாயிடும் சார்" என்றால் கையெழுத்தும் அப்புறம்தான். சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லில் "இரண்டு டியூனர், இரண்டு கேபிள், இரட்டை எல்.என்.பி." என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் அந்தப் பாக்ஸை வாங்காதீர்கள்.